நீதவானை நல்லவனாக்கியது பிழை

மூன்று குளிர்காலம் கூ அடித்திருக்கிறேன் அவனுக்கு.
வினிப்பெக்கின் வடக்குப் பக்கம்,
பழைய படைவீரர் மண்டபத்து மடக்குக் கதிரையில்,
வெள்ளிக்கு வெள்ளி பதினைந்து டொலர் கொடுத்து,
பஸ் ஓட்டுகிற சீருடையைக்கூட மாற்றாமல்.

சும்மா வந்த கோபமில்லை.
கறுப்பு அங்கி, கையில் மரச் சுத்தியல்,
மேடை ஏறி எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிறவன்
தன் கூட்டாளி லைல் மக்ரோவின் முதுகில்
இரும்புக் கதிரையை இறக்கிய இரவு
நான் மூன்றாம் வரிசை.
அந்தச் சத்தத்துக்கு
முன்வரிசைப் பிள்ளை ஒன்று
வாயிலிருந்த சோளப்பொரியை அப்படியே வைத்திருந்தது,
மெல்லவுமில்லை, துப்பவுமில்லை.

போன வெள்ளி அதே நீதவான்
சுத்தியலைக் கீழே வைத்தான்.
அழுதான். மன்னித்துவிடு என்றான்.
லைல் கட்டிப்பிடித்தான்.
மண்டபம் எழும்பி நின்றது.
பக்கத்தில் ரொமெல் மூக்கைச் சிந்தினான்.
நான் எழும்பவில்லை.

கதை எழுதுகிறவரே, கேளுங்கள்.
மன்னிப்புக் கேட்க வைத்தது பிழையென்று
நான் சொல்லவில்லை.
ஒரே இரவில் கேட்க வைத்தீர்களே, அது பிழை.
முதல் கிழமை அவன் கதவடி மட்டும் வந்து
திரும்பிப் போயிருக்கலாம்.
அடுத்ததில், லைல் அடிவாங்கும்போது
ஒரு கை கயிறு வரை நீண்டு
சட்டென்று அங்கிக்குள் ஒளிந்திருக்கலாம்.
ஆற்றுப் பனி வெடிக்கும்வரை இழுத்திருந்தால்
நானே டிக்கெட் வாங்கி
நாலு பேரைக் கூட்டிவந்திருப்பேன்.

ரொமெல் சொல்கிறான்:
ஏப்ரலில் அவனுக்கு முழங்கால் ஒப்பரேஷன்,
அதுதான் அவசரம்.
இருக்கட்டும். கதைக்கு ஏது முழங்கால்?

(நூற்றிப்பத்துத் தடவை தோற்ற
பிளம்பர் கோர்டிக்கு
ஒரு வெற்றிகூட இன்னும் எழுதவில்லை நீங்கள்.
அது வேறு வழக்கு. பிறகு பேசுவோம்.)

வீட்டில் தர்மினி கேட்கிறாள்:
அடிக்கிறவன் நடிக்கிறான்,
விழுகிறவன் நடிக்கிறான்,
நீங்கள் மட்டும் ஏனப்பா உண்மையாய்க் கோபிக்கிறீர்கள்?
அத்தனை பேருக்குள் ஒருத்தனாவது
உண்மையாய் இருக்க வேண்டாமா என்றேன்.
சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த வெள்ளி, எல்லாம் முடிந்து,
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கார் நிறுத்துமிடத்தின் மூலையில்
ஒரு பழைய கொரோலா வாய் பிளந்து நின்றது.
சிவப்பு வயரை நீதவான் பிடிக்க,
கறுப்பு வயரை லைல் கொழுவ,
இடையில் ஒரே கோப்பைக் கோப்பி
கை மாறிக் கை மாறிப் போனது.
இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.
நீதவான் கம்பளித் தொப்பியில்
யாரோ வீட்டில் பின்னிய பந்து ஆடியது.

பேசாமல் போயிருக்கலாம் நான்.
கண்ணாடியை இறக்கினேன்.
குளிர் பல்லுக்குள் ஊசியாய் ஏறியது.
அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட கூ.

இருவரும் உறைந்தார்கள்.
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
ரொமெலின் வண்டி எப்போதோ போய்விட்டது,
என்னைத் தவிர அங்கே ஒரு காகமும் இல்லை.

நீதவான் மெல்ல முதுகை நிமிர்த்தினான்.
தொப்பியைக் கழற்றிப் பையில் திணித்தான்.
கோப்பையைக் கவனமாய்க் கூரையில் வைத்தான்.
பிறகு இரண்டு கையாலும்
லைலை நெஞ்சில் பிடித்துத் தள்ளினான்
பனிக் குவியலுக்குள்.

லைல் முனகினான், இடுப்புக்கு மேலே
இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு.
சரியாக அந்த இடம். கதிரை விழுந்த இடம்.
மூன்று வருடமாய் மறக்கவில்லை, பாருங்கள்.

அடுத்தது நீ, என்று
விரலை நீட்டினான் நீதவான்.
எனக்குக் கண் கலங்கிவிட்டது.
குளிர்தான்.

நடுவர் இல்லை. ஆகவே ஹோர்னை அடித்தேன்:
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதுக்குக் கை போகுமுன்
பனியைச் சிதறடித்து
மேலே வந்தது லைலின் வலது தோள்.